போனில் இருக்கிற காசைக் காப்பது எப்படி: வன்னிக் குடும்பங்களுக்கான வழிகாட்டி

இன்று ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குக் காசு அனுப்பினால் சில விநாடிகளில் போய்ச் சேருகிறது. இலங்கை வங்கிகளை இணைக்கும் லங்காபேயின் செஃப்ட்ஸ் வலையமைப்பு அதற்காகவே இருக்கிறது. கிளிநொச்சிச் சந்தைக்குக் கத்தரிக்காய் ஏற்றிய தோட்டக்காரருக்கு அது பெரிய வசதி. கள்ளனுக்கும் அதே வேகம்தான். காசு அவன் கணக்குக்குப் போய், அங்கிருந்து வேறு இரண்டு கணக்குகளுக்குப் பிரிந்து, ஏடிஎம்மில் நோட்டாக வெளியே வந்துவிட்டால் பிறகு பிடிப்பது மிகக் கடினம். கொக்கிளாயிலோ நட்டாங்கண்டலிலோ இருப்பவர் பஸ் பிடித்து வங்கிக் கிளைக்குப் போய் இலக்கம் எடுத்து இருப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

அதனால் நாங்கள் வற்புறுத்துவது இரண்டு விஷயங்களை. களவு போகக்கூடிய தொகையை இன்றைக்கே சிறிதாக்கி வையுங்கள். நடந்துவிட்டால், வீட்டில் இருந்தபடியே போனில் நிறுத்தத் தெரிந்து வையுங்கள். நல்ல பாஸ்வேர்ட், கவனம், எச்சரிக்கை எல்லாம் வேண்டும்தான். ஆனால் களைத்துப்போன ஒரு மாலையில் யாரும் ஏமாறலாம். அந்த மாலையில் எவ்வளவு போகும் என்பதை முதலே தீர்மானித்து வைத்திருக்க வேண்டும்.

விதைநெல் வேறு, சாப்பாட்டு நெல் வேறு

வயல் செய்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கணக்கும் இரண்டு வேண்டும். ஒன்று சேமிப்பு: புத்தகம் மட்டும், ஏடிஎம் அட்டை இல்லை, போன் செயலியோடு தொடர்பு இல்லை. மற்றது புழக்கம்: அட்டையும் செயலியும் இதற்கு மட்டும், உள்ளே ஒன்றிரண்டு கிழமைச் செலவுக்கான காசு. பெரும்போக அறுவடை முடிந்து நெல்லுக் காசு வந்து விழுகிற மாதங்களில்தான் புழக்கக் கணக்குகள் நிரம்பி நிற்கின்றன. காசு வந்த அடுத்த நாளே சேமிப்புக்கு மாற்றிவிடுங்கள்.

இதில் பலர் கவனிக்காத ஓட்டை ஒன்று உண்டு. ஒரே வங்கியில் இரண்டாவது கணக்கைத் திறந்தால், வாடிக்கையாளர் இலக்கம் ஒன்றாக இருப்பதால், சேமிப்புக் கணக்கும் தானாகவே செயலிக்குள் தெரியக்கூடும். தெரிந்தால் அங்கிருந்தும் அனுப்பலாம். கணக்குத் திறக்கும்போதே “இதைச் செயலியோடு இணைக்க வேண்டாம்” என்று எழுத்தில் கேளுங்கள், அல்லது சேமிப்பை வேறு வங்கியில் வையுங்கள். நிலையான வைப்பு வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். சில வங்கிச் செயலிகளில் நிலையான வைப்பை ஈடாகக் காட்டிப் போனிலேயே கடன் எடுக்கலாம். அந்த வசதி உங்கள் கணக்கில் திறந்திருந்தால் அடைக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது நாள் எல்லை. செயலியில் ஒரு நாளில் அனுப்பக்கூடிய தொகை, ஏடிஎம்மில் எடுக்கக்கூடிய தொகை, இணையத்தில் அட்டையால் வாங்கக்கூடிய தொகை என்று மூன்று எல்லைகள் தனித்தனியாக இருக்கும். வங்கி முதலில் தருவது பெரும்பாலும் உங்களுக்குத் தேவையானதைவிட மிகப் பெரியது. மாதத்தில் உங்கள் ஆகப் பெரிய அனுப்பல் 20,000 ரூபா என்றால் எல்லை 25,000 ரூபா போதும். எல்லையைத் திரும்ப உயர்த்துவதற்கு ஓடிபி (ஒரு தடவை மட்டும் பாவிக்க வங்கி போனுக்கு அனுப்பும் இலக்கம்) மட்டும் போதுமா, கிளைக்கு வர வேண்டுமா என்றும் கேளுங்கள். ஓடிபியோடு உயர்த்த முடியுமென்றால் அந்த எல்லை அரைப் பூட்டுத்தான். அப்படியான வங்கியில் புழக்கக் கணக்கில் இருக்கும் காசையே குறைத்து வையுங்கள்.

“அந்த ஆறு நம்பரையும் சொல்லுங்கோ”

வன்னியில் வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது வெளியே இருக்கும் குடும்பங்கள் ஏராளம். அம்மாவின் கணக்கை மகன் கனடாவிலிருந்து பார்க்கிறார். மின்சார பில் கட்டுகிறார், தங்கைக்குக் காசு மாற்றுகிறார். ஒவ்வொரு தடவையும் ஓடிபி அம்மாவின் போனுக்கு வருகிறது. அவர் வட்ஸ்அப்பில் அழைத்து, “அம்மா, இப்ப ஒரு மெசேஜ் வந்திருக்கும், அந்த ஆறு நம்பரையும் சொல்லுங்கோ” என்கிறார். அம்மா வாசித்துச் சொல்கிறார். மாதத்தில் நான்கைந்து தடவை.

இதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. ஆனால் போனில் கேட்டால் இலக்கம் சொல்வதுதான் வழக்கம் என்று அம்மா பழகிவிட்டார். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி யாரோ மரியாதையாகத் தமிழில் கேட்கும்போது, அவர் செய்வது வழக்கமான வேலையைத்தான். ஏமாந்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வழக்கத்தை மாற்ற வேண்டும்.

மாற்றும் முறை இது. வெளிநாட்டில் இருப்பவர் கட்ட வேண்டிய பில்களைத் தன்னுடைய அட்டையால் நேரடியாகக் கட்டட்டும். குடும்பத்துக்கு அனுப்பும் காசைத் தேவைப்பட்டவரின் கணக்குக்கே நேரே அனுப்பட்டும். அம்மாவின் செயலி அம்மாவின் போனில் மட்டும், அல்லது வேண்டவே வேண்டாம். அதற்குப் பிறகு வீட்டில் விதி ஒன்றுதான்: மகன் கேட்டாலும் ஓடிபி சொல்வதில்லை. அந்த விதியை மகனே அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். பேரப்பிள்ளை சொன்னால் எடுபடாது.

ஓடிபி என்பது உங்கள் கையெழுத்து. அந்தச் செய்தியில் இலக்கம் மட்டும் இருப்பதில்லை. பெரும்பாலான வங்கிகள் எந்தக் கடைக்கு, எவ்வளவு தொகை என்றும், அல்லது புதிய போனில் செயலியைப் பதிவுசெய்ய என்றும் எழுதி அனுப்புகின்றன. ஆங்கிலத்தில் இருக்கும், ஆனாலும் தொகையை எல்லோரும் வாசிக்கலாம். 70 ரூபா கட்டுகிறோம் என்று நினைக்கும்போது செய்தியில் வெளிநாட்டு நாணயத்தில் பெரிய தொகை நின்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

இன்னொரு உண்மையை வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமாக்குங்கள். காசு பெறுவதற்குத் தேவை பெயர், வங்கி, கிளை, கணக்கு இலக்கம் மட்டுமே. அட்டை இலக்கம் வேண்டாம், அட்டைப் பின்பக்கத்து மூன்று இலக்கமும் வேண்டாம், பின் நம்பர் வேண்டாம், ஓடிபி வேண்டாம். மோட்டார் சைக்கிள் விற்க இணையத்தில் விளம்பரம் போட்டவரிடம், “காசு போட்டுவிட்டேன், எடுக்க இந்த லிங்கில் அட்டை விபரம் போடுங்கள்” என்று ஒரு வாங்குபவர் வருவார். அரச உதவிக் கொடுப்பனவான அஸ்வெசுமவின் நிலுவை, பரிசுப் பொதி, லண்டனில் இருந்து அன்பளிப்பு என்று கதை மாறும். கேட்பது மாறாது.

சிம்மும் ஒரு திறப்புத்தான்

ஓடிபி வரும் இலக்கத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு உங்கள் கணக்கின் பாதி திறந்துவிட்டது. இங்கே ஒரு நிறுவனத்தின் சிக்னல் கிடைக்கவில்லை என்று சிம்மை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் பலர். பழைய சிம் ரீலோட் போடாமல் செத்துப்போகும். சில காலத்தின் பின் நிறுவனம் அந்த இலக்கத்தை வேறொருவருக்கு விற்கும். வங்கியில் பழைய இலக்கமே பதிந்திருந்தால் உங்கள் ஓடிபி இனி அவருக்கு. இலக்கம் மாற்றிய கிழமையே கிளைக்குப் போய் மாற்றுங்கள். சிம் உங்கள் அடையாள அட்டையிலேயே பதிவாகியிருக்கிறதா என்பதையும் நிறுவனத்திடம் உறுதிப்படுத்துங்கள். மச்சானின் பெயரில் இருக்கும் சிம் தொலைந்தால் மச்சான் வரும்வரை அதை நிறுத்தவும் முடியாது, திரும்ப எடுக்கவும் முடியாது.

போன் களவு போனால் கள்ளன் திரைப் பூட்டோடு மினக்கெடமாட்டான். சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி அங்கே வரும். இதைத் தடுக்கச் சிம்முக்கே ஒரு பின் நம்பர் போடலாம். செட்டிங்ஸில் ‘சிம் லொக்’ என்று தேடுங்கள். முதலில் நிறுவனம் தந்த பின் நம்பரைக் கேட்கும். அது சிம் வந்த அட்டையில் இருக்கும், இல்லாவிட்டால் வாடிக்கையாளர் சேவையிடம் கேளுங்கள், ஊகித்துப் பார்க்க வேண்டாம். மூன்று தரம் பிழையாக அடித்தால் பூட்டைத் திறக்கும் பக் (PUK) இலக்கம் கேட்கும், அதையும் பத்துத் தரம் பிழையாக அடித்தால் சிம் நிரந்தரமாக முடங்கும். அதே நேரத்தில் பூட்டிய திரையில் செய்திகள் வாசிக்கத் தெரியாதபடி அறிவிப்புகளையும் மறைத்துவிடுங்கள்.

மற்றவர்கள் தெருவில் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்க உங்கள் போனில் மட்டும் சிக்னல் மணிக்கணக்கில் இல்லையென்றால், யாரோ உங்கள் பெயரில் புதிய சிம் எடுத்திருக்கலாம். வேறு போனிலிருந்து உடனே நிறுவனத்தை அழையுங்கள், அடுத்த அழைப்பு வங்கிக்கு.

‘பார்சல் வந்திருக்கிறது, இந்த இலக்கத்தை அடியுங்கள்’ என்று *21* அல்லது **21* என்று தொடங்கும் ஒன்றைத் தந்தால் அடிக்க வேண்டாம். அது உங்களுக்கு வரும் அழைப்புகளைக் கள்ளனின் போனுக்குத் திருப்பும். குறுஞ்செய்திகள் திரும்பாது. ஆனால் வட்ஸ்அப் தன் சரிபார்ப்பு இலக்கத்தை அழைப்பிலும் சொல்லும், அதைத்தான் அவன் எதிர்பார்க்கிறான். *#21# அடித்தால் திருப்பி விடப்பட்டிருக்கிறதா என்று காட்டும். ##002# எல்லாத் திருப்புதலையும் நீக்கும்.

கடையில் செய்து தந்த கணக்குகள்

கொமினிகேசன் கடைகள் எங்கள் ஊர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் அங்கே செயலி போட்டுத் தரும்போது மின்னஞ்சல் முகவரியும் அவர்களே திறந்து, பாஸ்வேர்டையும் தாங்களே வைத்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. கடைக்காரர் நல்லவராக இருக்கலாம். அந்தக் கணினியில் அடுத்து உட்காருபவரை உங்களுக்குத் தெரியாது. உங்கள் போனின் கூகுள் கணக்கு எந்த முகவரியில் இருக்கிறது, அதை மீட்க யாருடைய இலக்கம் போடப்பட்டிருக்கிறது என்று இன்றே பாருங்கள். வேறொருவருடையதாக இருந்தால் நம்பிக்கையான ஒருவரை அருகில் வைத்து மாற்றுங்கள், பாஸ்வேர்டையும் சேர்த்து. போன் திருத்தக் கொடுக்கும்போது சிம்மைக் கழற்றி எடுங்கள், வங்கிச் செயலியிலிருந்து வெளியேறுங்கள், திரைப் பூட்டின் வடிவத்தைத் துண்டில் எழுதிக் கொடுக்காதீர்கள்.

செயலியைப் பிளே ஸ்டோர் அல்லது அப் ஸ்டோரில் மட்டும் எடுங்கள். வட்ஸ்அப்பில் கோப்பாக வரும் செயலி, அது வங்கியின் பெயரில் வந்தாலும் கடன் தருவதாக வந்தாலும், உங்கள் செய்திகளை வாசிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் ஓடிபியைக் கேட்கவே தேவையில்லை, அதுவே எடுத்துக்கொள்ளும். அன்ட்ரொயிட் போனில் ‘அறியாத இடங்களிலிருந்து செயலி நிறுவுதல்’ எல்லாவற்றுக்கும் அணைந்திருக்க வேண்டும். தூரத்திலிருந்து இன்னொருவரின் திரையைப் பார்க்க உதவும் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை நல்ல கருவிகள்தான். ஆனால் முன்பின் தெரியாதவர் சொல்லிப் போட்டால் உங்கள் திரை முழுவதும் அவர் முன்னால். வட்ஸ்அப் வீடியோ அழைப்பில் திரையைப் பகிரச் சொல்வதும் அதேதான்.

வட்ஸ்அப்பிலேயே கணக்குப் பகுதிக்குப் போய் இரு படிச் சரிபார்ப்பைத் திறந்து ஆறு இலக்கப் பின் நம்பரும் ஒரு மின்னஞ்சலும் கொடுங்கள். கணக்கைப் பறிகொடுத்தால் செயலியில் உங்கள் இலக்கத்தை மீண்டும் பதிவுசெய்யுங்கள். குறுஞ்செய்தியில் வரும் இலக்கத்தைப் போட்டவுடன் கள்ளன் வெளியே தள்ளப்படுவான். அவன் தன் பின் நம்பரைப் போட்டிருந்தால் நீங்கள் உள்ளே போக ஏழு நாள் காத்திருக்க வேண்டியும் வரலாம். அதற்குள் உங்கள் பெயரில் சொந்தக்காரரிடம் காசு கேட்டிருப்பான், ஆகவே எல்லோருக்கும் அழைத்துச் சொல்லுங்கள். புதிய இலக்கத்திலிருந்து பிள்ளையின் குரலிலேயே அவசரக் காசு கேட்டாலும் அழைப்பை வைத்துவிட்டுப் பழைய இலக்கத்துக்கு எடுங்கள். குரலையும் இப்போது கணினியில் செய்கிறார்கள்.

லிங்கை வாசிப்பது

அஞ்சல் திணைக்களத்தின் பெயரில் ‘பொதி வழங்க முடியவில்லை, சிறு கட்டணம் செலுத்துங்கள்’ என்று வரும் குறுஞ்செய்திகள் நாடு முழுவதும் சுற்றுகின்றன. அவை தன்னுடையவை அல்ல என்று திணைக்களம் எச்சரித்திருக்கிறது. அந்தச் சிறு கட்டணம் அவர்களுக்குத் தேவையில்லை. அட்டை இலக்கமும் ஒரு ஓடிபியும்தான் தேவை. செய்தி வங்கியின் பெயரிலேயே, பழைய உண்மையான செய்திகளுக்குக் கீழேயே வந்து நிற்கவும் கூடும், அனுப்புபவர் பெயரைப் போலியாக இடலாம். முகவரியின் தொடக்கத்தில் இருக்கும் ‘https://’ என்பதை விட்டுவிட்டு, அதற்கு அடுத்து வரும் முதல் சாய்கோட்டைக் கண்டுபிடித்து அதற்கு முன் இருப்பதை வலமிருந்து இடமாக வாசியுங்கள். அரச திணைக்களங்களின் இணையதளம் பெரும்பாலும் ‘ஜிஓவி டொட் எல்கே’ (gov.lk) என்று முடியும். டொட் இருக்க வேண்டிய இடத்தில் சிறுகோடு நின்றாலோ, எல்கேக்குப் பின் இன்னொரு சொல் தொங்கினாலோ அது போலி. வங்கிக்கு இவ்வளவும் தேவையில்லை. லிங்கை விட்டுவிட்டுச் செயலியைத் திறந்து பாருங்கள்.

அட்டை

டெபிட் அட்டையில் போவது உங்கள் காசு. கிரெடிட் அட்டையில் முதலில் போவது வங்கியின் காசு. ஆகவே இணையத்தில் வாங்குவதென்றால் சிறிய எல்லை கொண்ட கிரெடிட் அட்டை நல்லது, மறுத்து முறைப்பாடு செய்யும்போது உங்கள் சாப்பாட்டுக் காசு முடங்கி நிற்காது. டெபிட் அட்டையில் இணையக் கொள்வனவையும் வெளிநாட்டுப் பாவனையையும் செயலியில் அணைத்து வையுங்கள், அந்த வசதி இல்லையென்றால் வங்கியிடம் அணைக்கச் சொல்லுங்கள்.

பின்பக்கத்து மூன்று இலக்கத்தை வீட்டில் எழுதி வைத்துவிட்டு அட்டையில் சிறு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். கடையில் அட்டை உங்கள் கண்ணை விட்டுப் போகக்கூடாது. சிப்பைச் செருகுங்கள் அல்லது தொடுங்கள், காந்தப் பட்டியை இழுக்க விடாதீர்கள், நகலெடுக்க எளிது அந்தப் பட்டிதான். ஏடிஎம்மில் உதவிக்கு வருபவர் அதே நிறத்து வேறு அட்டையைத் திருப்பித் தரும் ஏமாற்று முதியவர்களைக் குறிவைத்தது. வெளியே வருமுன் அட்டையில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே சிக்கினால் அந்த இடத்தை விட்டு நகராமல் அங்கிருந்தே வங்கியை அழையுங்கள்.

பேஸ்புக்கில் விளம்பரம் போடும் சிறு வியாபாரிகள், பனம் பொருட்களோ கேக்கோ தையலோ, பக்கத்தோடு அட்டையை இணைத்திருப்பார்கள். ‘உங்கள் பக்கம் முடக்கப்படும்’ என்ற செய்தியின் பின்னால் போனால் பக்கமும் போகும், அந்த அட்டையில் கள்ளனின் விளம்பரமும் ஓடும். விளம்பரக் கணக்கில் செலவு எல்லை போடுங்கள், இரு படிச் சரிபார்ப்பைத் திறவுங்கள். அட்டையின் கணக்குக் கூற்றில் நீங்கள் அறியாத ஒரு சிறு தொகை, ஒரு டொலர் அளவில், தெரிந்தால் விட்டுவிடாதீர்கள். அட்டை வேலை செய்கிறதா என்று பார்க்கிறார்கள், பெரியது பின்னால் வரும்.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: வாடிக்கையாளர் காட்டும் ஸ்கிரீன்ஷொட் பணம் அல்ல. உங்கள் போனுக்குச் செய்தி வந்த பிறகே பொருளைக் கொடுங்கள். கியூஆர் பலகைக்கு மேல் யாரும் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்களா என்று காலையில் கடை திறக்கும்போது தடவிப் பாருங்கள்.

மற்றவர் காசு உங்கள் கணக்கில்

‘உன் கணக்கைக் கொஞ்ச நாளுக்குத் தா, மாதம் இவ்வளவு தாறன்’ என்று கேட்பவரிடம் அட்டையும் பின் நம்பரும் கொடுத்த இளம்பிள்ளைகள் பிறகு பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் கொடுக்க நேர்கிறது. களவுக் காசு போய் விழும் கணக்கு அவர்களுடையது, தேடிப்போனால் கிடைக்கும் பெயரும் அவர்களுடையது. 2006 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கக் கொடுப்பனவுச் சாதன மோசடிகள் சட்டமும் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும் இருக்கின்றன. ‘லைக் போட்டால் காசு’ என்ற டெலிகிராம் வேலைகளும் பல சமயம் இங்கேதான் கொண்டுவந்து விடும்.

வங்கி வழியில்லாமல் ஆட்கள் மூலம் காசு அனுப்பும் உண்டியலிலும் இந்த ஆபத்து இருக்கிறது. வெளிநாட்டில் மகன் யாரிடமோ கொடுக்கிறார், இங்கே யாரோ தெரியாத ஒருவரின் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு வருகிறது. அந்த ஆளின் கணக்கு மோசடியில் சிக்கினால் சங்கிலியில் உங்கள் கணக்கும் முடக்கப்படலாம். கூலி சற்றுக் கூடினாலும் வங்கி வழியே வரும் காசுக்கு அனுப்பியவர் பெயர் இருக்கிறது.

நடந்துவிட்டால்

முதலில் செயலியில் அட்டையைப் பூட்டுங்கள். முடியாவிட்டால் வங்கியின் அவசர இலக்கத்தை அழையுங்கள், அது 24 மணி நேரமும் இயங்கும். இலக்கம் அட்டையின் பின்னால் இருக்கிறது, ஆனால் அட்டையே போயிருக்கலாம். ஆகவே சுவர்க் கலண்டரில் இன்றே எழுதி வையுங்கள். கூகுளில் தேடி எடுக்காதீர்கள், போலி இலக்கங்கள் அங்கே போடப்பட்டிருக்கும்.

அழைப்பில் மூன்றைக் கேளுங்கள்: அட்டையையும் இணைய வங்கியையும் நிறுத்துதல், காசு போன வங்கிக்கு உடனே அறிவித்துத் தொகையைப் பிடித்து வைக்கச் சொல்லுதல், உங்கள் முறைப்பாட்டு இலக்கம். பேசியவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். போனில் போலிச் செயலி இருப்பதாகச் சந்தேகம் என்றால் இணையத்தை அணைத்து வைத்துவிட்டு, வேறு போனிலிருந்து பாஸ்வேர்ட்களை மாற்றுங்கள். முதலில் மின்னஞ்சல், பிறகு வங்கி. செய்திகளை அழிக்க வேண்டாம், கோபத்தில் பலர் அழித்துவிடுகிறார்கள்.

அதற்குப் பிறகுதான் பஸ். அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் தமிழிலேயே முறைப்பாடு பதியலாம், பதிவின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். வங்கிக்கு எழுத்தில் கடிதம் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை இடச் சொல்லுங்கள். அட்டைக் கொள்வனவு என்றால் மறுப்புப் படிவம் கேளுங்கள். வீசா, மாஸ்டர்கார்ட் விதிகளில் பல வகை முறைப்பாடுகளுக்கு 120 நாள் வரை இடம் உண்டு, ஆனால் உங்கள் வங்கி அதைவிடக் குறைந்த நாட்களை விதித்திருக்கலாம், முதல் கிழமையிலேயே கொடுத்துவிடுங்கள். சமூக ஊடகக் கணக்கு, போலி இணையதளம் பற்றி நாட்டின் இணையப் பாதுகாப்பு அமைப்பான இலங்கை சேர்ட்டுக்கு 101 இல் சொல்லலாம். வங்கியின் பதில் திருப்தி இல்லையென்றால் மத்திய வங்கியின் நிதியியல் வாடிக்கையாளர் தொடர்புகள் திணைக்களம் 1935 இல் இருக்கிறது. மத்திய வங்கியின் பிரதேச அலுவலகம் ஒன்று கிளிநொச்சியிலேயே உண்டு. அங்கே போகும்போது வங்கியின் எழுத்துப் பதிலும் கையில் இருக்கட்டும்.

சில நாளில் இன்னொரு அழைப்பு வரக்கூடும். ‘உங்கள் காசைக் கண்டுபிடித்துவிட்டோம், விடுவிக்க ஒரு கட்டணம் கட்டுங்கள்’ என்பார்கள். எவ்வளவு போனது, எந்த வங்கி என்றெல்லாம் சரியாகச் சொல்வார்கள், ஏனென்றால் எடுத்தவர்களே அவர்களாகவோ, அவர்களிடமிருந்து பட்டியல் வாங்கியவர்களாகவோ இருக்கலாம். அந்த இலக்கத்தைக் குறித்துப் பொலிஸ் முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள்.